முத்தும்வரை காத்திருந்த கண்கள்

"இன்னும் முத்தவில்லை. ஆறு மாசம் கழித்து வாங்க." ஐம்பது ஆண்டுகளுக்கு முன் கண்புரையோடு ஆஸ்பத்திரிக்குப் போன பெரியவர்கள் பலருக்குக் கிடைத்த பதில் இதுதான். அவர்களும் திரும்பிப் போனார்கள். முதலில் ஊசியில் நூல் கோக்க முடியாமல் போகும். பிறகு பஸ்ஸின் பலகை தெரியாது. எட்டணா எது, ஒரு ரூபாய் எது என்று காசைத் தடவிப் பார்க்க வேண்டி வரும். கடைசியில் எதிரே நிற்கும் பேரனைக் குரலால்தான் கண்டுகொள்வார்கள். கண்முன் நீட்டிய கை நிழலாகத் தெரியும் நிலைக்கு வந்த பிறகுதான் அறுவை சிகிச்சைக்குத் தேதி கிடைக்கும்.

இன்று, இரவில் வண்டி ஓட்டும்போது எதிர்வெளிச்சம் சிதறிக் கூசுகிறது என்று ஒரு பள்ளி ஆசிரியர் டாக்டரிடம் சொன்னால் அதுவே போதும். காலையில் அறுவை முடிந்து மாலையில் வீட்டுக்கு வந்துவிடுகிறார். அடுத்த வாரம் விடைத்தாள் திருத்துகிறார்.

கத்தி சிறிதானது, தையல் மறைந்தது, செயற்கை லென்ஸ் வந்தது என்று இந்த மாற்றத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவார்கள். எல்லாம் உண்மை. ஆனால் நோயாளியின் வாழ்க்கையைப் பொறுத்தவரை இதைவிடப் பெரிய மாற்றம் ஒன்று உண்டு. இருட்டில் காத்திருக்க வேண்டிய அவசியம் ஒழிந்தது. மருத்துவம் அதை ஒழித்து ஒரு தலைமுறை ஆகிவிட்டது. நம் வீடுகள் இன்னும் ஒழிக்கவில்லை.

புரை எங்கே இருக்கிறது

கண்ணில் பூ விழுந்திருக்கிறது, சதை வளர்ந்திருக்கிறது என்று ஊரில் சொல்வார்கள். கண்ணின் மேற்பரப்பில் ஏதோ படர்ந்திருப்பதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். புரை மேலே படர்வதில்லை. கண்மணிக்குப் பின்னால், மெல்லிய பைக்குள் ஒரு லென்ஸ் இருக்கிறது. தண்ணீரும் புரதமும் சேர்ந்த பொருள் அது. ரத்தக்குழாய் எதுவும் அதற்குள் போவதில்லை. அதனால்தான் அவ்வளவு தெளிவாக இருக்கிறது. வயது ஏற ஏற அந்தப் புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒளியைத் தடுக்கின்றன. பச்சை முட்டையின் வெள்ளைக்கரு வெந்ததும் வெளுத்துப் போகிறதே, ஏறக்குறைய அப்படி. வெந்த முட்டையைத் திரும்பப் பச்சையாக்க முடியாதது போலவே, மங்கிய லென்ஸைத் திரும்பத் தெளிவாக்கும் சொட்டுமருந்தோ மாத்திரையோ இதுவரை இல்லை. மங்கியதை எடுத்துவிட்டு வேறொன்றை வைப்பதே வழி.

முதுமை முதல் காரணம். சர்க்கரை நோய், நீண்ட நாள் ஸ்டீராய்டு மருந்து, புகைப் பழக்கம், கண்ணில் பட்ட அடி, வெயிலின் புறஊதாக் கதிர் ஆகியவை அதை முன்கூட்டியே வரவழைக்கும். சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே வரும்.

ஊசியால் தள்ளிய காலம்

இந்த நோய்க்கு மனிதன் கண்ட முதல் அறுவை சிகிச்சையில் லென்ஸை வெளியே எடுப்பதே கிடையாது. கண்ணின் ஓரத்தில் கூரான ஊசியைச் செருகி, மங்கிய லென்ஸை அது தொங்கும் இழைகளிலிருந்து அறுத்து, கண்ணுக்குள்ளேயே கீழே தள்ளிவிடுவார்கள். சுசுருத சம்ஹிதையில் இந்த முறை விவரிக்கப்பட்டிருக்கிறது. பல நூற்றாண்டுகள் இந்தியாவிலும் அரபு நாடுகளிலும் ஐரோப்பாவிலும் இதுவே வழக்கம்.

பாதையை அடைத்திருந்த லென்ஸ் விலகியதும் ஒளி உள்ளே பாயும். வைத்தியர் காட்டும் விரல்களை நோயாளி எண்ணிச் சொல்வார். சுற்றி நிற்பவர்கள் கைகூப்புவார்கள். துன்பம் பிறகுதான் வரும். உள்ளே விழுந்த லென்ஸால் அழற்சி உண்டாகும், சீழ் பிடிக்கும், கண்ணின் அழுத்தம் ஏறும். பலருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ அந்தக் கண் முற்றிலும் போய்விடும். ஊர் ஊராகச் சுற்றும் வைத்தியர் அதற்குள் அடுத்த ஊருக்குப் போயிருப்பார்.

இதை மிக நுணுக்கமாக ஆராய்ந்தவர் சென்னையில் பணியாற்றியவர். இன்று எழும்பூரில் இருக்கும் அரசு கண் மருத்துவமனை 1819-ல் தொடங்கப்பட்டது. உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் கண்காணிப்பாளராக இருந்த ராபர்ட் ஹென்றி எலியட், ஊசி வைத்தியத்துக்குப் பின் கெட்டுப்போன கண்களோடு வந்தவர்களை ஆண்டுக்கணக்கில் பதிவு செய்து, அதைப் பற்றித் தனி நூலே எழுதினார். ஐரோப்பாவில் அந்த முறை வழக்கொழிந்து நீண்ட காலம் ஆகியும் நம் கிராமங்களில் நீடித்தது என்பதற்கு அந்த நூல் சாட்சி.

லென்ஸைத் தள்ளாமல் கண்ணைத் திறந்து வெளியே எடுக்கும் வழியை 1747-ல் தொடங்கிவைத்தவர் பிரான்சின் ஜாக் தவியேல். மயக்க மருந்து இல்லை, கிருமி என்ற அறிவு இல்லை, தையல் இல்லை. 1884-ல் கார்ல் கொல்லர் என்ற ஆஸ்திரிய மருத்துவர் கொக்கெய்ன் சொட்டு கண்ணை மரத்துப்போகச் செய்யும் என்று காட்டும் வரை, விழித்திருக்கும் மனிதனின் கண்ணில் பெரும்பாலும் உணர்வோடுதான் கத்தி வைத்தார்கள்.

தஞ்சையிலும் ஒரு தடம் இருக்கிறது. 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னருக்குக் கண் மருத்துவத்தில் தீவிர ஈடுபாடு. கண் நோயாளிகளைப் பற்றிய குறிப்புகளும் அவர்களுடைய கண்களின் வண்ண ஓவியங்களும் சரஸ்வதி மகால் நூலகத்தில் காக்கப்பட்டு வருகின்றன. ஒவ்வொரு நோயாளியின் கண்ணையும் வரைந்து வைக்க வேண்டும் என்று ஓர் அரசருக்கு அந்தக் காலத்திலேயே தோன்றியிருக்கிறது.

மணல் மூட்டைக்கு நடுவே ஒரு வாரம்

நம் பாட்டிமார் தாத்தாமார் கண்ட அறுவை சிகிச்சை தவியேலின் முறைக்கு அடுத்த கட்டம். இமைமயிரைக் கத்தரித்துவிடுவார்கள். கண்ணுக்குப் பின்னால் ஊசி போட்டு மரக்கச் செய்வார்கள். கருவிழியின் மேல் விளிம்பில் ஏறக்குறைய அரைவட்டத்துக்குத் திறந்து, லென்ஸை அதன் பையோடு முழுதாக வெளியே இழுத்துவிடுவார்கள். 1961-ல் போலந்து நாட்டு மருத்துவர் ததேயுஷ் கிரவாவிச் உறைகுளிர் முனை கொண்ட கருவியை அறிமுகப்படுத்தினார். அந்த முனையில் லென்ஸ் உறைந்து ஒட்டிக்கொள்ளும். மெதுவாக ஆட்டி வெளியே எடுக்கலாம். அந்நாளில் பெரிய முன்னேற்றம் அது.

அவ்வளவு பெரிய வெட்டு ஆறுவதுதான் கடினம். தையல் ஒன்றிரண்டுதான் இருக்கும், சில காலம் அதுவும் இல்லை. தலை அசையாதிருக்க இரு பக்கமும் மணல் மூட்டை. கண் கட்டோடு மல்லாந்து படுத்தே கிடக்க வேண்டும். இருமக் கூடாது, தும்மக் கூடாது, மலம் கழிக்க முக்கக் கூடாது. கஞ்சியும் பாலும்தான் உணவு. ஒரு வாரம், பத்து நாள் ஆஸ்பத்திரி வாசம். கூட இருக்க வீட்டில் ஒருவர் வேலையை விட்டு வர வேண்டும். கட்டைப் பிரித்த பிறகும் பச்சைத் துணி மறைப்போடு மாதக்கணக்கில் வீட்டுக்குள்ளே இருக்க வேண்டும்.

கோடை விடுமுறையில் பள்ளிக்கூடங்களிலும் கல்யாண மண்டபங்களிலும் கண் சிகிச்சை முகாம்கள் நடந்தன. வகுப்பறை அறுவை அரங்கமாக மாறும். அடுத்த அறையில் தரையில் பாய் விரித்து வரிசையாகக் கண் கட்டோடு படுத்திருப்பார்கள். ஊர் இளைஞர்களும் அரிமா சங்கத்தினரும் ரோட்டரி சங்கத்தினரும் கஞ்சி ஊட்டுவார்கள், கைபிடித்துக் கழிப்பறைக்கு அழைத்துப் போவார்கள். இன்றைய சுத்த நெறிகளை வைத்துப் பார்த்தால் அந்த முகாம்களை ஏற்க முடியாது. ஆனால் ஆஸ்பத்திரியே இல்லாத ஊர்களில் லட்சக்கணக்கானவர்களுக்கு வெளிச்சத்தை மீட்டுத் தந்தவை அவைதான்.

காத்திருப்புக்கு இருந்த நியாயம்

லென்ஸை எடுத்தாயிற்று. பதிலுக்குக் கண்ணுக்குள் எதுவும் வைக்கவில்லை. அந்தக் குறையைச் சரிக்கட்டக் கொடுத்ததுதான் பிளஸ் பத்து பவர் அளவிலான சோடாபுட்டிக் கண்ணாடி.

அந்தக் கண்ணாடி வழியே எல்லாம் கால் பங்குக்கும் மேல் பெரிதாகத் தெரியும். பக்கத்தில் இருப்பதாகத் தோன்றும் டம்ளரை எடுக்கப் போனால் கை வெறுங்காற்றைப் பிடிக்கும். படி இருக்கும் இடம் ஒன்று, தெரியும் இடம் வேறு. கண்ணாடியின் விளிம்பைச் சுற்றி ஒரு வளையம் முழுக்கப் பார்வையே இருக்காது. அந்த வளையத்துக்குள் மறைந்திருக்கும் சைக்கிள் திடீரென்று எதிரே குதிக்கும். ஒரு கண்ணில் மட்டும் அறுவை நடந்து மறு கண் நன்றாக இருந்தால் இன்னும் தொல்லை. ஒரு கண்ணுக்குப் பெரிய உருவம், மற்றதுக்குச் சிறிய உருவம். மூளையால் இரண்டையும் சேர்க்க முடியாது, எல்லாமே இரட்டையாகத் தெரியும்.

கண்ணாடி உடைந்தாலோ தொலைந்தாலோ அந்த மனிதருக்கு மறுபடி இருட்டுதான். மாட்டுத்தொழுவத்தில் விழுந்து உடைந்த கண்ணாடிக்கு மாற்று வாங்க டவுனுக்குப் போக வேண்டும், பணம் வேண்டும், அழைத்துப் போக ஆள் வேண்டும். அறுவை வெற்றிகரமாக முடிந்தும் கண்ணாடி இல்லாததால் பார்வையற்றவர் கணக்கில் சேர்ந்தவர்கள் அந்நாளில் ஏராளம்.

இப்போது அந்தப் பழைய அறிவுரையை எடைபோட்டுப் பாருங்கள். ஓரளவு மங்கிய சொந்தக் கண், தடுமாற வைக்கும் அந்தக் கண்ணாடியைவிட மேல். தவியேலின் காலத்திலிருந்து வந்த, பையைத் திறந்து லென்ஸை எடுக்கும் முறையிலோ, முழுதாக முற்றாத லென்ஸின் பிசுபிசுப்பான பகுதி கண்ணுக்குள்ளேயே தங்கித் தொல்லை தரும். முற்றினால் சுத்தமாக வரும். ஆகவே முத்தட்டும் என்று டாக்டர்கள் சொன்னதில் கருணையும் கணக்கும் இருந்தன. அந்தக் காலத்து அறுவைக்கு அது சரியான அறிவுரை.

விமானியின் கண்ணில் தங்கிய துகள்

அறிவுரையை மாற்றிய நிகழ்ச்சி போர்க்களத்தில் தொடங்கியது. 1940 ஆகஸ்ட்டில் பிரிட்டனுக்கு மேல் நடந்த வான்போரில் கோர்டன் கிளீவர் என்ற விமானியின் விமானம் சுடப்பட்டு, அதன் மேல்மூடி சிதறி, பெர்ஸ்பெக்ஸ் என்ற பிளாஸ்டிக்கின் துகள்கள் அவர் கண்களில் பாய்ந்தன. அப்படி அடிபட்ட விமானிகளுக்குச் சிகிச்சை தந்த ஹரால்டு ரிட்லி என்ற லண்டன் கண் மருத்துவர் ஒன்றைக் கவனித்தார். அந்தத் துகள்களை வெளியே எடுக்காவிட்டாலும் கண் அவற்றைப் பொறுத்துக்கொண்டது. கூர்முனை குத்தாத இடத்தில் அழற்சி இல்லை.

சில ஆண்டுகள் கழித்து, புரை அறுவையைப் பார்த்துக்கொண்டிருந்த மாணவர் ஒருவர், எடுத்த லென்ஸுக்குப் பதிலாக ஏன் எதுவும் வைக்கவில்லை என்று கேட்டதாகச் சொல்வார்கள். 1949 நவம்பர் 29 அன்று லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ரிட்லி முதல் செயற்கை லென்ஸைப் பொருத்தினார். விமானக் கண்ணாடிக்குப் பயன்பட்ட அதே வகைப் பிளாஸ்டிக்கைத் தூய்மைப்படுத்திச் செய்தது அது.

கண்ணுக்குள் அந்நியப் பொருளை வைப்பதா என்று துறையின் பெரியவர்கள் கொதித்தார்கள். தொடக்க கால லென்ஸ்களில் குறைகளும் இருந்தன, சிலவற்றைத் திரும்ப எடுக்க வேண்டி வந்தது. ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் ரிட்லி எதிர்ப்பைத் தாங்கி நின்றார். 1980களில்தான் அவர் வழி பொது வழியானது. முதுமையில் அவர் கண்களிலும் செயற்கை லென்ஸ் வைக்கப்பட்டது. 2000-ல் அவருக்கு சர் பட்டம் கிடைத்தது, அடுத்த ஆண்டு மறைந்தார். கிளீவருக்கும் கடைசிக் காலத்தில் கண்புரை வந்து, தன் கண்ணின் வழியே பிறந்த அந்தச் செயற்கை லென்ஸே பார்வை தந்தது.

லென்ஸை உள்ளே வைக்க அதைத் தாங்கும் பை வேண்டும். ஆகவே பையோடு இழுத்தெடுக்கும் முறை போனது. பையின் முன்பக்கத்தை வட்டமாகத் திறந்து, உள்ளிருக்கும் மங்கலை மட்டும் எடுத்து, காலியான பைக்குள் புது லென்ஸை உட்கார வைக்கும் முறை வந்தது. கடவுள் வைத்த இடத்திலேயே லென்ஸ் இருப்பதால் உருவம் பெரிதாவதில்லை. ஒரு கண்ணில் மட்டும் செய்தாலும் இரட்டையாகத் தெரிவதில்லை. காத்திருக்கச் சொன்ன முதல் காரணம் அங்கே உதிர்ந்தது.

வெட்டு சுருங்கியது

அடுத்த காரணம் வெட்டின் அளவு. 1960களில் நியூயார்க்கின் சார்லஸ் கெல்மன், பல் டாக்டரின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது, பற்காறையை உதிர்க்கும் அல்ட்ராசவுண்ட் கருவியின் அதிர்வை உணர்ந்தார். இதே அதிர்வால் லென்ஸை உடைத்து உறிஞ்சி எடுக்கலாமே என்ற யோசனை அங்கேதான் பிறந்தது. 1967-ல் முதல் நோயாளிக்குச் செய்துபார்த்தார். இன்று பேகோ என்று நாம் சொல்வது அதைத்தான். வீட்டில் பலர் இதை லேசர் ஆபரேஷன் என்கிறார்கள். வழக்கமான பேகோவில் உடைப்பது லேசர் அல்ல, ஒலியதிர்வு. மூன்று மில்லிமீட்டருக்கும் குறைந்த துளை போதும். மடித்து உள்ளே செலுத்தி விரியவிடும் லென்ஸ்கள் 1980களில் வந்தபின் அந்தத் துளையைப் பெரிதாக்க வேண்டிய தேவையும் இல்லாமல் போனது. ஊசி இல்லாமல் சொட்டுமருந்தாலேயே கண்ணை மரக்கச் செய்துவிடலாம்.

பேகோ இயந்திரம் விலை கூடியது. அது இல்லாத இடங்களுக்காக வளர்ந்தது இன்னொரு முறை. ஆறு, ஏழு மில்லிமீட்டர் அளவில், சாய்வான சுரங்கம் போல ஒரு வெட்டு. கண்ணின் உள்ளழுத்தமே அதை மூடிவிடும், தையல் தேவையில்லை. நேபாளத்தின் சந்துக் ரூயித்தும் தென்னிந்தியக் கண் மருத்துவமனைகளும் இதை ஆயிரமாயிரம் கண்களில் செய்து செம்மைப்படுத்தினார்கள். 2007-ல் வெளியான நேபாள ஒப்பீட்டு ஆய்வில் இரண்டு முறைகளும் ஏறக்குறைய ஒரே தரமான பார்வையைத் தந்தன. கையால் செய்யும் முறை விரைவானதாகவும் செலவு குறைந்ததாகவும் இருந்தது. மாவட்ட மருத்துவமனையில் பேகோ இல்லையாமே என்று தயங்கும் குடும்பங்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும். முற்றிக் கெட்டிப்பட்ட புரைக்கு இந்த முறையே சிறந்தது என்று கருதும் டாக்டர்களும் உண்டு.

மதுரையில் நடந்தது

நல்ல அறுவை கண்டுபிடிக்கப்பட்டுவிட்டால் மட்டும் உசிலம்பட்டிக்கும் ராமநாதபுரத்துக்கும் அது வந்துவிடாது. வந்ததற்கு மதுரை ஒரு முக்கிய காரணம்.

1918-ல் வடமலாபுரம் என்ற கிராமத்தில் பிறந்த கோவிந்தப்ப வெங்கடசாமி ராணுவ மருத்துவராக இருந்தபோது கடும் முடக்குவாதத்தால் படுக்கையில் விழுந்தார். விரல்கள் கோணிப்போயின. அந்த விரல்களுக்கேற்பக் கத்தி பிடிக்கப் பழகி, கண் மருத்துவம் படித்து, மதுரை மருத்துவக் கல்லூரியில் பேராசிரியரானார். 1960களிலேயே கிராம முகாம்களுக்குப் போய்ப் பழகியவர். 58 வயதில் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்று, 1976-ல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். தன் வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகள் செய்தவர் என்பார்கள்.

பணம் தருபவர் தரட்டும், இல்லாதவருக்கு இலவசம், இருவருக்கும் அதே டாக்டர் என்பது அங்கே வகுத்த முறை. ஓர் அறுவை அரங்கில் டாக்டருக்கு இரண்டு மேசைகள் இருக்கும். ஒன்றில் அவர் அறுவை செய்துகொண்டிருக்கும்போதே அடுத்ததில் நோயாளி தயாராகிவிடுவார். அவரைத் தயார் செய்பவர்கள் பள்ளிப்படிப்பு முடித்துப் பயிற்சி பெற்ற கிராமத்துப் பெண்கள். பரிசோதனையில் பெரும்பகுதியும் அவர்கள் கையில்தான். டாக்டரின் நேரம் டாக்டர் மட்டுமே செய்யக்கூடிய வேலைக்குப் போகிறது.

லென்ஸின் விலைதான் அப்போது பெரிய தடை. வெளிநாட்டு லென்ஸ் 100 டாலர் அளவில் விற்றது. இலவச நோயாளிக்குப் பழைய சோடாபுட்டி, காசுள்ளவருக்கு லென்ஸ் என்ற பிரிவு உருவாகிக்கொண்டிருந்தது. 1992-ல் மதுரையிலேயே ஆரோலேப் என்ற தொழிற்கூடம் தொடங்கி, 10 டாலர் அளவுக்கு லென்ஸ் செய்யத் தொடங்கினார்கள். பின்னாளில் விலை இன்னும் இறங்கியது. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு மதுரை லென்ஸ் போகிறது. அந்தப் பிரிவு அதோடு ஒழிந்தது.

அரசும் சேர்ந்தே நடந்தது. தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டம் 1976-லேயே தொடங்கியது. 1994 முதல் 2002 வரை உலக வங்கி உதவியோடு தமிழ்நாடு உட்பட ஏழு மாநிலங்களில் நடந்த புரை ஒழிப்புத் திட்டம், முகாம் அறுவையைக் குறைத்து மருத்துவமனை அறுவையையும், வெறும் கண்ணாடியைக் குறைத்து உள்லென்ஸையும் முன்னிறுத்தியது. பள்ளிக்கூட வகுப்பறையில் அறுவை செய்யும் வழக்கம் மெல்ல மறைந்தது. இன்று முகாம் என்றால் பரிசோதனை மட்டும். தேவைப்படுவோரை பஸ்ஸில் மருத்துவமனைக்கு அழைத்துப் போய், லென்ஸ் வைத்து, திரும்ப ஊரில் விடுகிறார்கள்.

இலவசம் என்றும் வராதவர்கள்

ஆனாலும் வராதவர்கள் இருந்தார்கள். தென்னிந்தியக் கிராமங்களில் நடந்து 1999-ல் வெளியான ஓர் ஆய்வில், கண் குறை இருந்த பெரியவர்களில் முகாமுக்கு வந்தவர்கள் 7 சதவீதம்தான். அறுவை இலவசம். பஸ் கூலி இலவசமில்லை. துணைக்கு வருபவரின் அன்றைய கூலிக்கு ஈடில்லை. பயம் வேறு. 1991-ல் வெளியான மற்றோர் ஆய்வு ஒரு வழியைக் காட்டியது. துண்டறிக்கையும் ஒலிபெருக்கியும் செய்யாததை, ஏற்கெனவே அறுவை செய்துகொண்ட ஒருவர் வீடு வீடாகப் போய்ப் பேசியது செய்தது. பயணம், உணவு உட்பட முழுச் செலவையும் ஏற்றபோது வருகை மேலும் கூடியது. கண் பெற்றவரே அடுத்தவரை அழைத்து வர வேண்டும் என்ற இந்த எளிய பாடம் இன்றும் செல்லும்.

2015 முதல் 2019 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பின்படி, 50 வயதைக் கடந்தவர்களின் பார்வையிழப்பில் 66 சதவீதத்துக்குக் காரணம் கண்புரைதான். கால் மணி நேரத்தில் தீரக்கூடிய காரணம் அது. இலவசமாகச் செய்ய அரசு மருத்துவமனைகள் இருக்கின்றன. அப்படியிருந்தும் இந்த எண்ணிக்கை நிற்கிறது என்றால், நின்றுபோன இடம் அறுவை அரங்கம் அல்ல.

உலகெங்கும் போலவே நம் நாட்டிலும் புரையால் பார்வை இழந்தவர்களில் பெண்கள் அதிகம், அறுவை கிடைப்பதில் அவர்கள் பின்தங்கியிருக்கிறார்கள். இதற்குக் கணக்கெடுப்பே தேவையில்லை, நம் வீட்டைப் பார்த்தாலே தெரியும். அப்பாவுக்குக் கண் மங்கினால் பேப்பர் படிக்க முடியவில்லை என்று காலையிலேயே சத்தம் வரும். அம்மா சொல்ல மாட்டார். அரிசியில் கல் பொறுக்குவதை மருமகளிடம் தள்ளிவிடுவார். பூண்டை விரலால் தடவியே உரிப்பார். மாலை நேரக் கல்யாணத்துக்குக் கால் வலி என்று சொல்லி வராமல் இருப்பார். கேட்டால், "நான் என்ன கலெக்டர் உத்தியோகமா பார்க்கப் போறேன், இன்னும் முத்தட்டும்" என்பார். அறுவையின் பழைய விதியை அவர் தன் தேவையைத் தள்ளிப்போடும் சாக்காக வைத்திருக்கிறார். நாமும் அதை ஒப்புக்கொண்டு அடுத்த தீபாவளிக்குப் பிறகு பார்க்கலாம் என்கிறோம்.

தள்ளிப்போட்டால் வேதனை கூடும். மிக முற்றிய லென்ஸ் வீங்கலாம், அதன் சாறு கசியலாம். கண்ணின் அழுத்தம் ஏறி, சிவந்து, தாங்க முடியாத வலி வரும். அப்போது அறுவை செய்தாலும் பார்வை நரம்பு ஏற்கெனவே கெட்டிருக்கக்கூடும். கெட்டிப்பட்ட லென்ஸை எடுப்பதும் கடினம். படி தெரியாமல் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், அந்த வயதில் அதிலிருந்து மீள்வது கடினம்.

குழந்தைக்கோ ஒரு மாதமே பெரிது. கண்மணியில் வெள்ளையாகத் தெரிந்தாலோ, போட்டோவில் ஒரு கண் மட்டும் வெளுத்து மின்னினாலோ அன்றைக்கே கண் டாக்டரிடம் போக வேண்டும். பிறந்த முதல் வாரங்களிலிருந்தே மூளை பார்க்கக் கற்றுக்கொள்கிறது. அப்போது ஒளி போகாத கண்ணுக்குப் பிறகு எவ்வளவு நல்ல லென்ஸ் வைத்தாலும் முழுப் பார்வை வராது.

இன்று கேட்க வேண்டிய கேள்வி

அன்று டாக்டர் லென்ஸைப் பார்த்து முத்திவிட்டதா என்று கேட்டார். இன்று நோயாளியைப் பார்த்து, உங்கள் வேலைக்குத் தடையாக இருக்கிறதா என்று கேட்கிறார். தையற்காரருக்குச் சீக்கிரமே தடையாகும், வயலுக்குப் போகிறவருக்குச் சற்றுத் தாமதமாகலாம். தடை என்று தோன்றும் நாள்தான் சரியான நாள்.

போவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை சில. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கட்டுக்குள் இருக்க வேண்டும். சர்க்கரை உள்ளவர்கள் விழித்திரையையும் கட்டாயம் சோதிக்க வேண்டும். வைக்கவேண்டிய லென்ஸின் பவரைக் கணக்கிடக் கண்ணை அளப்பார்கள். லென்ஸ் வகைகளின் பட்டியலும் விலையும் குடும்பத்தைக் குழப்பும். தூரத்துக்கு ஏற்ற சாதாரண லென்ஸும் படிக்க ஒரு கண்ணாடியும் பெரும்பாலானவர்களுக்கு முழு நிறைவு தருகின்றன. கூடுதல் விலை லென்ஸ் வைக்க முடியாததற்காக அம்மாவின் அறுவையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

அறுவைக்குப் பின் ஒரு மாதம் அளவுக்குச் சொட்டுமருந்து தவறக் கூடாது, கண்ணைக் கசக்கக் கூடாது, டாக்டர் சொல்லும் வரை தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது. நல்ல மருத்துவமனையில் சீழ்பிடிப்பது ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. என்றாலும் வலி, சிவப்பு, பார்வை குறைவு என்று எது வந்தாலும் இரவானாலும் ஓட வேண்டும். சில மாதங்களோ ஆண்டுகளோ கழித்து மறுபடி மங்கினால் புரை திரும்பவில்லை, லென்ஸ் இருக்கும் பையின் பின்பக்கம் மங்கியிருக்கும். சில நிமிட லேசரில் அது சரியாகும்.

இந்த வாரமே வீட்டில் 50 வயதைக் கடந்த ஒவ்வொருவரையும் உட்கார வைத்து, ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடச் சொல்லி, எதிர்ச்சுவரில் தொங்கும் தினக்காலண்டரின் தேதியைப் படிக்கச் சொல்லுங்கள். பிறகு மறு கண். ஒரு கண் நன்றாக இருப்பதால் மற்றது போனதே தெரியாமல் இருப்பவர்கள் பலர். தடுமாறினால் முத்தட்டும் என்று அவர் சொல்வதற்கு முன் நீங்கள் தேதி வாங்கிவிடுங்கள். துணைக்கு ஒரு நாள் லீவு போடுங்கள். உங்கள் தெருவில் லென்ஸ் வைத்துக்கொண்ட ஒரு பாட்டி இருந்தால் அவரை வந்து பேசச் சொல்லுங்கள். ரிட்லியும் கெல்மனும் மதுரைக்காரர்களும் தங்கள் பங்கை முடித்துவிட்டார்கள். மீதமிருப்பது ஒரு வீட்டிலிருந்து ஒரு மருத்துவமனைக்கு உள்ள தூரம். அதை அம்மாவின் கையைப் பிடித்து நடக்க வேண்டியவர்கள் நாம்தான்.